ஒன்றையொன்று வெட்டும் ஓடுபாதைகள்: மாலை நெரிசலைக் கோபுரம் எப்படிச் சமாளிக்கிறது?

புதுக்குடியிருப்பான்

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். வீட்டுக் கணினியில் கோபுரச் சிமுலேட்டர் ஒன்றை வைத்துப் பழகி வருகிறேன். ஒற்றை ஓடுபாதை கைவந்துவிட்டது. இணையாக ஓடும் இரண்டு பாதைகளும் பரவாயில்லை. குறுக்கே வெட்டிக்கொள்ளும் பாதைகள்தான் பிடிபட மறுக்கின்றன.

நான் பயிலும் நிலையத்தில் ஒரு பாதை வருகைக்கு, மற்றது புறப்பாட்டுக்கு. மாலையில் வருகைகள் 4 கடல் மைல் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. புறப்பாட்டுப் பாதையின் தொடக்கத்திலிருந்து சந்திப்பு வரை ஏறத்தாழ 1,200 மீற்றர். ஒரு விமானத்தைப் புறப்பட விட்டால் வருவது கோ அரவுண்ட் செய்கிறது, அதாவது தரை தொடாமல் மறுபடி மேலேறிச் சுற்றி வருகிறது. விடாமல் வைத்திருந்தால் புறப்பாட்டு வரிசை முனையக் கட்டடம் வரை நீள்கிறது. உண்மையான கோபுரத்தில் இருப்பவர்கள் எதைப் பார்த்து "இப்போது விடலாம்" என்று முடிவெடுக்கிறார்கள்?

முறிகண்டியான்

இரண்டு பாதைகளைக் குறுக்கே போட்டுவிட்டு, பிறகு அவற்றில் விமானங்கள் மோதாமல் பார்க்க ஆட்களை வைப்பது எந்த ஊர் நியாயம்? பலாலியில் ஒரு பாதை. கட்டுநாயக்காவில் ஒரு பாதை. அவை இயங்கவில்லையா? 2011 மார்ச் 15 அன்று சூரிச்சில் என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். வெட்டிக்கொள்ளும் 16, 28 ஆகிய இரு பாதைகளிலும் இரண்டு ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஒரே நேரத்தில் புறப்பட அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒரு விமானி மற்றதைக் கண்டு தடுப்பை அழுத்தியதால்தான் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். என் சகோதரி குடும்பம் அந்த நிலையம் வழியாகத்தான் ஊருக்கு வந்து போகிறது. எனக்கு இது விளையாட்டு விடயம் இல்லை.

கோபுரத்தார் (வவுனியா)

முறிகண்டியான், உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஏன் குறுக்கே போட்டார்கள் என்பதற்குக் காற்றுத்தான் பதில்.

விமானம் எதிர்க்காற்றில் ஏறவும் இறங்கவும் விரும்பும். நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி வாடையும் சோழகமும் மாறி மாறி வீசுகின்றன. வாடை வடகிழக்கிலிருந்து, சோழகம் தென்மேற்கிலிருந்து. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள். ஓடுபாதைகளின் எண்களைப் பாருங்கள்: பலாலி 05/23, மத்தளை 05/23, கட்டுநாயக்கா 04/22, இரத்மலானை 04/22. எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டிப் பாகை கிடைக்கும். எல்லாமே வடகிழக்கு – தென்மேற்கு. பருவக்காற்று நமக்கு ஒரே கோட்டைக் கீறித் தந்துவிட்டது. பொஸ்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ அந்த வசதி இல்லை. அங்கே குளிர்காலத்தில் ஒரு பக்கம், கோடையில் இன்னொரு பக்கம், புயல் வந்தால் மூன்றாவது பக்கம். அந்த நிலையங்கள் கட்டப்பட்ட காலத்து இலேசான விமானங்கள் பக்கக் காற்றைத் தாங்கமாட்டா. ஆகவே முக்கோணமாகவும் நட்சத்திரமாகவும் பாதைகள் போட்டார்கள். இலண்டன் ஹீத்ரோவே ஆறு பாதைகளோடு நட்சத்திர வடிவில் திட்டமிடப்பட்டதுதான். இன்றைக்கு அங்கே இணையான இரண்டுதான் இயங்குகின்றன.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். விதி எளிது. புறப்படும் விமானம் சந்திப்பைத் தாண்டிய பிறகே, குறுக்குப் பாதையில் வருவது தன் பாதையின் தொடக்கத்துக்கு மேல் வரலாம். மறுபக்கமாக, தரையிறங்கியது சந்திப்பைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே பாதையை விட்டு விலகியிருக்க வேண்டும். அதன் பிறகே புறப்படுவது ஓடத் தொடங்கலாம். இவ்வளவுதான் விதி. மிச்சமெல்லாம் செக்கன்கள்.

புதிதாக வருபவர்கள் கண்ணை விமானத்தில் வைத்திருப்பார்கள். பழகியவர்கள் சந்திப்பைப் பார்ப்பார்கள். "அந்த இடம் எப்போது காலியாகிறது, எவ்வளவு நேரம் காலியாக இருக்கும், அதை இப்போது யாருக்குக் கொடுத்திருக்கிறேன்?" இந்த மூன்றும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மல்லாவி ரீச்சர்

கோபுரத்தார் செக்கன் என்று சொன்னதும் தாளை எடுத்துவிட்டேன். தம்பி, உயர்தரப் பௌதிகம்தான், கூடவே போட்டுப் பாருங்கள்.

ஏ320 அல்லது போயிங் 737 இறுதி அணுகுமுறையில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில், ஏறத்தாழ 140 நொட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் வரும். அது செக்கனுக்கு 72 மீற்றர். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். ஆகவே ஒரு மைலுக்கு ஏறத்தாழ 26 செக்கன். நீங்கள் சொன்ன 4 மைல் இடைவெளி 103 செக்கன்.

புறப்படும் விமானத்துக்கு முடுக்கம் செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் என்று வைப்போம். நின்ற நிலையிலிருந்து 1,200 மீற்றர் ஓட, s = ½at² என்ற சமன்பாட்டின்படி ஏறத்தாழ 35 செக்கன். அனுமதியைச் சொல்லி விமானி திருப்பிச் சொல்ல 5 செக்கன். இயந்திரம் வலுவெடுத்து விமானம் நகர 10 செக்கன். மொத்தம் 50.

வருகிற விமானம் தரைதொட்டு உங்கள் சந்திப்பைத் தாண்ட 20 செக்கன் என்று எடுத்தால், அடுத்த வருகைக்கு முன் மீதி 83. அதில் 50 போனால் கையில் 33. இந்த 33 செக்கன்தான் உங்கள் முழுச் சொத்து.

இப்போது பாருங்கள். புறப்படும் விமானம் ஓடுபாதையில் ஏறி நேராக நிற்காமல், இன்னும் காத்திருப்புக் கோட்டிலேயே இருந்தால் உள்ளே வந்து திரும்பி நிற்க 30, 40 செக்கன் வேண்டும். சொத்து முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். உங்கள் வருகைகள் மேலேறிப் போவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று என் கணக்கு சொல்கிறது.

கோபுரத்தார் (வவுனியா)

ரீச்சர் போட்ட கணக்கைத்தான் கோபுரத்தில் உள்ளவர்கள் மனத்தில் ஓட்டுகிறார்கள். அதனால்தான் "லைன் அப் அண்ட் வெயிட்" என்ற கட்டளை இருக்கிறது. முந்திய வருகை தரைதொடும் நேரத்தில் புறப்படுவது ஓடுபாதையில் ஏறி, மூக்கை நேராக்கி, காத்து நிற்க வேண்டும். வருகை சந்திப்பைத் தாண்டிய கணத்தில் அனுமதி.

காற்றையும் சேருங்கள். நேர் எதிரே 15 நொட் காற்று வீசினால் தரைவேகம் 125 ஆகக் குறையும். மைலுக்கு 26 செக்கன் 29 ஆகும். நான்கு மைலில் 12 செக்கன் லாபம். காற்று விழுந்துவிட்டால் அந்த 12 செக்கன் காணாமல் போகும், ஆனால் ராடர் திரையில் இடைவெளி அதே 4 மைலாகத்தான் தெரியும். மைலை மட்டும் பார்த்துப் பழகியவர் அகப்படுவது அங்கேதான்.

இன்னொன்று, பாரமான விமானம் சந்திப்பின் மேலாகப் பறந்து போனால் அதன் சிறகு கிளப்பும் சுழல்காற்று அந்த இடத்தில் தங்கும். பின்னால் புறப்படுவது அதே இடத்தை வெட்டிப் பறப்பதாக இருந்தால் 2 நிமிடம் காத்திருக்க வைப்பது வழக்கம். ஒரு பாரமான விமானத்தை எந்த இடத்தில் செருகுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே யோசிக்காவிட்டால் அந்த 2 நிமிடம் முழு மாலையையும் குலைக்கும்.

ஒட்டுசுட்டான் வாசகி

பலாலியிலிருந்து சென்னைக்கு ஏடிஆர் என்ற சிறிய சுழல்விசிறி விமானத்தில் அம்மாவை வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். சென்னையில் இறங்கி ஓடும்போது குறுக்கே இன்னொரு பாதை கடந்து போவதை யன்னலில் பார்த்திருக்கிறேன். அங்கேயும் இதே பிரச்சினைதானா? பயப்பட வேண்டியதா?

கோபுரத்தார் (வவுனியா)

ஆம் பிள்ளை, சென்னையிலும் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. பிரதான பாதை 07/25, நீளம் 3,658 மீற்றர். மற்றது 12/30, அது அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டிய பாதை. பெரிய ஜெட் விமானங்கள் பிரதான பாதையையே நாடும். பயப்பட எதுவும் இல்லை. அங்கே இருப்பவர்கள் இதிலேயே பழகியவர்கள்.

தம்பிக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஏடிஆர் ஏறத்தாழ 110 நொட்டில் இறங்கி வரும், பின்னால் வரும் ஜெட் 140. ரீச்சர், கணக்கைப் போடுவீர்களா?

மல்லாவி ரீச்சர்

போட்டுவிட்டேன். ஏடிஆர் 10 மைல் தூரத்தில் இருக்கும்போது ஜெட் அதற்கு 4 மைல் பின்னால், அதாவது 14 மைலில். ஏடிஆர் தரைதொட 327 செக்கன். அதற்குள் ஜெட் 12.7 மைல் வந்துவிடும். மீதி 1.3 மைல்தான். நான்காக இருந்த இடைவெளி தரையருகில் ஒன்றேகால் சொச்சமாகச் சுருங்குகிறது. அதற்குள் ஏடிஆர் ஓடுபாதையை விட்டு விலகுவதே பெரும்பாடு. குறுக்குப் பாதையில் புறப்பாட்டை விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

புதுக்குடியிருப்பான்

ரீச்சர், ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. வரிசைப்படுத்தி நிறுத்தி வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு வருகைக்கும் ஒரு புறப்பாடு போய்விடுகிறது. வரிசை கரைகிறது.

அடுத்த கேள்வி. அமெரிக்க நிலையங்களைப் பற்றி வாசிக்கும்போது "லாசோ" என்று ஒரு முறையைக் கண்டேன். தரையிறங்கும் விமானத்தையே சந்திப்புக்கு முன்னால் நிற்கச் சொல்வது. அது இருந்தால் இந்தச் செக்கன் கணக்கே தேவையில்லையே? இரண்டு பாதைகளும் தனித்தனியாக ஓடும் அல்லவா?

மாங்குளம்_ரொறன்ரோ

தம்பி, நான் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே ஐந்து பாதைகள். மூன்று கிழக்கு – மேற்கு, இரண்டு வடக்கு – தெற்குப் பக்கமாகச் சாய்ந்தவை. வடமேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்த இரண்டுக்கு மாறுவார்கள். அன்றைக்கு எல்லாமே தாமதம்தான், பாதைகள் குறைவு. நியூயோர்க் லாகார்டியாவில் இருப்பதே இரண்டு பாதைகள், ஒவ்வொன்றும் 7,000 அடி, ஒன்றையொன்று வெட்டுபவை. ஒன்றில் ஒன்று இறங்க, மற்றதில் ஒன்று ஏற, மணிக்கு 70 விமானங்களைத் தாண்டுகிறது. நீங்கள் சிமுலேட்டரில் செய்வதை அங்கே நாள் முழுவதும் செய்கிறார்கள்.

இதைப் பார்க்கும்போது எனக்குப் பழைய மாங்குளம் ரயில் நிலையம்தான் ஞாபகம் வருகிறது. ஒற்றைத் தண்டவாளம். நிலைய அதிபர் கொடுக்கும் வளையம் சாரதியின் கைக்கு வந்தால்தான் ரயில் அடுத்த நிலையத்துக்கு நகரும். அந்தப் பகுதிக்கு ஒரு நேரத்தில் வெளியே வரக்கூடியது ஒரேயொரு வளையம். அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கே பாதை. சந்திப்புக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

முறிகண்டியான்

அண்ணன் சொன்ன வளையம் இரும்பு. அது மறக்காது. கோபுரத்தில் இருப்பது மனிதனின் ஞாபகம். அதுதான் என் வாதம். லாசோவைப் பற்றி என் கருத்தும் அதுவே. 250 கிலோமீற்றர் வேகத்தில் தரைதொடுகிற ஒன்றிடம் "அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றுகொள்" என்று சொல்லிவிட்டு, கோட்டுக்கு அப்பால் இன்னொன்றை ஓடவிடுவது அநியாயம். தடுப்பு பிடிக்காவிட்டால்? மழை ஈரம் இருந்தால்?

கோபுரத்தார் (வவுனியா)

ஈரம் இருந்தால் லாசோ இல்லை. அமெரிக்க விதிப்படி ஓடுபாதை உலர்ந்திருக்க வேண்டும், பின்காற்று அனுமதித்த அளவுக்குள் இருக்க வேண்டும், சந்திப்பு வரை கிடைக்கும் தூரம் எவ்வளவு என்று முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விமானி மறுக்கலாம். "முடியாது" என்று ஒரு சொல் போதும், காரணம் கேட்கப்படமாட்டாது. ஏற்றுக்கொண்டால் "ஹோல்ட் ஷோர்ட்", அதாவது சந்திப்புக்கு முன்னால் நிற்பேன், என்பதைத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் அது ஏற்கப்படவில்லை என்றுதான் பொருள்.

தடுப்புப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. தரையிறங்க வந்தது தரையிறங்காமல் போவதுதான் என் கவலை.

தம்பி, இதைக் கவனமாக வாசியுங்கள். நிற்பதாக ஒப்புக்கொண்ட விமானம் காற்று உதைத்ததாலோ, நிலை சரியில்லாததாலோ கடைசி நேரத்தில் கோ அரவுண்ட் செய்தால், அது நேரே சந்திப்பின் மேலாகத்தான் ஏறும். அதே கணத்தில் மற்றப் பாதையிலிருந்து ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். 2015 ஜூலை 5 இரவு மெல்பேர்ணில் இப்படித்தான் ஆனது. லாசோ நடந்துகொண்டிருந்தது. வெட்டும் பாதைகளுக்கு வந்த இரண்டு போயிங் 737 விமானங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மேலேறின. இரவில் விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகுவதும் கடினம். அதன் பிறகு அங்கே இரவு லாசோவை நிறுத்தினார்கள்.

அமெரிக்காவிலும் 2013 இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இதே ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. தரையில் வெட்டாத பாதைகளும் வானத்தில் வெட்டிக்கொள்ளலாம், கோ அரவுண்ட் செய்யும் விமானம் மற்றதன் ஏறுபாதையைக் கடக்கலாம் என்று. அதற்குப் பிறகு பல நிலையங்களில் ராடர் திரையில் இறுதி அணுகுமுறைக் கோட்டின் மேல் ஒரு பெட்டி கீறி வைத்தார்கள். வருகை அந்தப் பெட்டிக்குள் இருக்கும்வரை மற்றப் பாதையில் புறப்பாடு கிடையாது. கட்டுப்பாட்டாளரின் ஊகத்துக்கு அங்கே இடமில்லை. முறிகண்டியான் கேட்ட இரும்பு வளையத்துக்கு அது கிட்டவருகிறது.

முறிகண்டியான்

பெட்டியை ஏற்றுக்கொள்கிறேன். அப்படி இருந்தால் சரி. ஆனால் சூரிச்சில் அந்தக் கட்டுப்பாட்டாளர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. நிலையக் கருவிகளைச் சரிபார்க்கும் அளவீட்டுப் பறப்பு ஒன்றையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரருக்கும் மறக்கும் என்பதற்கு என்ன செய்கிறீர்கள்?

கோபுரத்தார் (வவுனியா)

நல்ல கேள்வி, அதற்கு நீளமாகவே எழுத வேண்டும்.

2005 ஜூன் 9 மாலை, பொஸ்டன் லோகன். 15 வலது பாதையில் ஏர் லிங்கஸ் ஏர்பஸ் ஏ330. அதை வெட்டும் 9 ஆம் பாதையில் யூஎஸ் ஏர்வேய்ஸ் போயிங் 737. கோபுரத்தில் இரண்டு கட்டுப்பாட்டாளர்கள், ஒருவர் மேற்குப் பக்கம், ஒருவர் கிழக்குப் பக்கம். 9 ஆம் பாதையில் ஒன்றைப் புறப்பட விட, கிழக்கில் இருப்பவர் மேற்கில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். கேட்டார். மேற்கில் இருப்பவர் "எடுத்துக்கொள்" என்று கொடுத்தார். பிறகு வேறு ஒருங்கிணைப்பு வேலைகள் குறுக்கிட, கொடுத்ததை மறந்து தன் பாதையில் ஏர் லிங்கசுக்குப் புறப்பட அனுமதி சொல்லிவிட்டார். 5 செக்கன் கழித்து கிழக்கில் இருப்பவர் தன் விமானத்துக்கு அனுமதி சொன்னார். இருவரும் வேறு வேறு அலைவரிசை. ஒரு விமானிக்கு மற்றவருக்குக் கொடுத்த அனுமதி கேட்காது.

இரண்டும் சந்திப்பை நோக்கி ஓடின. 737 இன் மூக்கைத் தூக்க வேண்டிய கணத்தில் துணை விமானி குறுக்கே வரும் ஏர்பஸ்ஸைக் கண்டார். கட்டுப்பாட்டுத் தண்டை முன்னால் தள்ளி விமானத்தை நிலத்திலேயே பிடித்து வைத்தார். ஏர்பஸ் அவர்களுக்கு மேலாக எழுந்து போனது. இடைவெளி ஏறத்தாழ 70 அடி என்று விசாரணையில் மதிப்பிட்டார்கள். 737 பாதையின் மிச்சத்தில் ஓடி எழுந்தது. தண்டைப் பின்னால் இழுத்திருந்தால் இரண்டும் வானத்தில் ஒரே இடத்துக்குப் போயிருக்கும்.

இதற்கு என்ன செய்வது? கையால் தொடக்கூடிய ஒரு பொருள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஸ்ட்ரிப் என்கிற நீளமான தாள் துண்டு, அதைப் பிடிக்கும் சட்டம், சட்டங்களை அடுக்கும் பலகை. நான் வேலை பார்த்த வெளிநாட்டுக் கோபுரத்தில் வெட்டும் பாதைகள் இருந்தன. சந்திப்பை மற்றவருக்குக் கொடுத்த கணத்தில் ஒரு சிவப்புச் சட்டத்தை என் பலகையில் என் ஓடுபாதை நிரலுக்குக் குறுக்கே வைப்பேன். வாயால் கொடுப்பதற்கு முன் கை அதை வைக்க வேண்டும், இந்த ஒழுங்கு மாறக்கூடாது. புறப்பாட்டு அனுமதி சொல்ல வேண்டுமென்றால் ஸ்ட்ரிப்பை மேலே தள்ள வேண்டும். சிவப்பு குறுக்கே கிடந்தால் தள்ள முடியாது, விரலில் இடிக்கும். பலகையின் விளிம்பில் அந்தச் சட்டம் உரசி உரசி வண்ணம் போய், தகரம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இப்போது திரையில் ஸ்ட்ரிப்புகள் வந்துவிட்டன, அவற்றிலும் ஓடுபாதை மறிக்கப்பட்டிருந்தால் அனுமதிப் பெட்டி திறக்காதபடி அமைக்கலாம்.

சொல்லும் அப்படித்தான் காவல். 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃபில் மூடுபனியில் 583 பேர் இறந்த பிறகு, "டேக் ஓஃப்" என்ற சொல்லை அனுமதி கொடுக்கவும் மீளப்பெறவும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள். மற்ற எல்லா இடத்திலும் "டிபார்ச்சர்" என்பார்கள். சிமுலேட்டரிலும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள் தம்பி.

மல்லாவி ரீச்சர்

வண்ணம் தேய்ந்த சட்டத்தை என் வகுப்பில் சொல்லப்போகிறேன். பிள்ளைகள் கணக்கைச் சரியாகப் போட்டு, விடையை வேறு வினாவின் கீழ் எழுதிவிடுகிறார்கள். ஐயா, இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம்?

கோபுரத்தார் (வவுனியா)

சர்வதேச விதிப்படி உரிமம் பெற வயது 21 ஆக வேண்டும். மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், பார்வையும் செவியும் நிறம் பிரித்தறிதலும் பார்ப்பார்கள். ஆங்கிலப் பேச்சுத் தேர்ச்சியில் குறைந்தது நான்காம் நிலை. இதில் நம் வன்னிப் பிள்ளைகள் தயங்குவது கடைசியில்தான். கணக்கில் எவருக்கும் குறைந்தவர்கள் இல்லை. நாள்தோறும் சத்தமாக ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள், இலக்கியம் வேண்டாம், எண்களும் கட்டளைகளும் போதும். அவசரத்தில் வாய் குழறாமல் இருப்பதுதான் தேவை.

புதுக்குடியிருப்பான்

ஐயா, சொன்னவற்றை வைத்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். புறப்பாட்டை முன்கூட்டியே வரிசையில் நிறுத்துவேன். வருகை சந்திப்பைத் தாண்டியதும் அனுமதி. அடுத்த வருகை 2.5 மைலுக்குள் வந்துவிட்டால் புறப்பாட்டை விடமாட்டேன். சிவப்புச் சட்டத்துக்குப் பதிலாக விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு மட்டையை வைத்திருக்கிறேன்.

கோபுரத்தார் (வவுனியா)

மட்டை நல்லது. 2.5 போதாது தம்பி. 2.5 மைல் என்றால் 64 செக்கன், புறப்பாட்டுக்கு 50. கையில் 14தான். விமானி ஒருமுறை "மறுபடி சொல்லுங்கள்" என்றால் அது போய்விடும். 3 மைல் வையுங்கள், காற்று விழுந்த நாளில் அதற்கும் மேல்.

வருகைகளை வரிசைகட்டிக் கோபுரத்துக்கு அனுப்பும் அணுகுமுறைக் கட்டுப்பாட்டாளரிடம் பேசப் பழகுங்கள். புறப்பாட்டு வரிசை ஆறைத் தாண்டியதும் "ஒவ்வொரு மூன்றாவது வருகைக்குப் பின்னாலும் 6 மைல் தாருங்கள்" என்று கேளுங்கள், அந்த இடைவெளியில் இரண்டு போகும். வரிசை பன்னிரண்டானதும் கேட்டால், அவர் கையில் உள்ள விமானங்கள் ஏற்கனவே 4 மைலில் கட்டப்பட்டிருக்கும். ஏடிஆருக்குப் பின்னால் ஜெட் வருவதானால் 4 மைலை ஏற்காதீர்கள், ரீச்சரின் கணக்கைக் காட்டி 7 கேளுங்கள்.

ஒவ்வொரு புறப்பாட்டையும் விடும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கணத்தில் வருகை மேலேறினால் அதை எந்தப் பக்கம் திருப்புவேன்? பதில் இல்லாவிட்டால் விடாதீர்கள். சிமுலேட்டரில் வருகைகளை அவ்வப்போது தானாகக் கோ அரவுண்ட் செய்யவைக்கும் அமைப்பு இருந்தால் அதை இயக்கிவிட்டுப் பயிலுங்கள். அடுத்த முறை காற்றை 15 நொட்டிலிருந்து சட்டென்று 3க்கு இறக்கி வைத்து ஒரு மணி நேரம் நடத்திப் பாருங்கள். ஸ்ட்ரிப் பலகையின் படத்தைப் போடுங்கள், பார்க்கிறேன்.